எங்கட வீட்டுக்கு எந்த மைக்ரோவேவ்?

போன மார்கழியில் எங்கட பழைய மைக்ரோவேவ் செத்துப்போச்சு. வெளியில பார்த்தால் ஒன்றும் தெரியாது. லைட் எரிந்தது, தட்டுச் சுற்றியது, நேரம் முடிய 'டிங்' என்று மணியும் அடித்தது. உள்ளே வைத்த பால் மட்டும் பிரிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடேயே திரும்பி வந்தது. மக்னெற்றோனோ, அதற்குப் பக்கத்தில் இருக்கிற டயோட்டோ போயிருக்கவேண்டும். திருத்துகிற கூலிக்குப் புதிதே வாங்கலாம். (யூடியூப்பைப் பார்த்து நீங்களே கழற்ற நினைத்தால், வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிற்றரில் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் தேங்கி நிற்கலாம். கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டின துணிவை இதில் காட்டக்கூடாது.)

அது அப்பா 2006 இல் வாங்கியது. அப்பா போய் இப்போது நாலு வருடம். முன்பக்கத்தில் இரண்டே இரண்டு குமிழ்கள்தான். மேலே பவர், கீழே நேரம். நேரக் குமிழில் இரண்டு நிமிடத்துக்கு நேரே, என்னுடைய நெயில் பொலிஷை எடுத்து அப்பா ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். அம்மா ஒரு பிளேட் சோறு சூடாக்குகிற அளவு அது.

புதிது வாங்கப் போனோம். பொக்ஸிங் டே மலிவு விற்பனை நேரம். கடைசியில் இரண்டு மொடல்கள் எஞ்சின. ஒன்று 0.7 கனஅடி, 700 வொட், குமிழ் வைத்தது, நூறு டொலருக்குள். மற்றது 1.6 கனஅடி, 1200 வொட், இன்வேர்ட்டர், சென்சர், கண்ணாடி மாதிரி வழவழப்பான தொடுபலகை, நானூறு டொலருக்குக் கிட்ட. இவருக்குப் பார்த்தவுடனேயே பெரியதுதான் பிடித்தது. அம்மா, "சோறு சூடாக்க உந்தப் பெட்டகம் என்னத்துக்கு?" என்று கேட்டா. நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பிரெட்ஷீற் போட்டேன். பதினொரு நிரல்கள்.

அந்தக் கணக்கில் பிழை இல்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உங்களில் யாராவது இப்போது கடைக்குப் போகிற யோசனையில் இருந்தால் உதவும்.

முதலாவது வொட். பெட்டியில் 700 என்றோ 1100 என்றோ போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகிற அளவு. சுவரில் இருந்து இழுப்பது அதைவிட அதிகம். ஒரு கப், அதாவது 250 மில்லிலீற்றர் தண்ணீரை அறைச் சூட்டில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, வெப்பம் எதுவும் வீணாகாது என்று வைத்தால், 700 வொட்டில் சரியாக 2 நிமிடம். 1100 வொட்டில் 76 செக்கன். நூறு டொலருக்கும் நானூறு டொலருக்கும் இடையில் நாங்கள் வாங்குகிற நேரம் ஒரு கப்புக்கு முக்கால் நிமிடம்தான். ஆனால் உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளில் அச்சடித்திருக்கிற நேரம் பெரும்பாலும் 1000, 1100 வொட்டுக்கு எழுதினது. அதில் 3 நிமிடம் என்று இருந்தால் 700 வொட்டில் நாலே முக்கால் நிமிடம் வேண்டும். இது தெரியாமல்தான் பலர், "சின்னன் சரியில்லை, நடுவில குளிருது" என்கிறார்கள்.

இரண்டாவது அளவு. கனஅடியைப் பார்க்காதீர்கள். 0.7 கனஅடி என்றால் 20 லீற்றர், 1.6 என்றால் 45 லீற்றர். அதில் முக்கால்வாசி உயரமும் மூலையும்தான். சுற்றுகிற தட்டு எத்தனை அங்குலம், உங்கட வீட்டுப் பிளேட் சுவரில் முட்டாமல் சுற்றுமா என்பதுதான் கேள்வி. எங்கட வீட்டில், பாதி தமிழ் வீடுகளில் இருக்கிற அதே கொரெல் பிளேட்தான், 10.25 அங்குலம். சின்னதில் மட்டுமட்டாகச் சுற்றும். சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற கண்ணாடிச் சட்டி சுற்றாது. சுற்றாமல் நின்றால் ஒரு பக்கம் கொதிக்க மற்றப் பக்கம் ஐஸாக இருக்கும். பெட்டிக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, சூடு கூடின இடம், குறைந்த இடம் என்று நிலையாக நிற்கும். அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் என்பதால் அந்த இடங்கள் ஆறு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வரும். தட்டுச் சுற்றுவதே உங்கட சோற்றை அந்த இடங்களுக்கு ஊடாகக் கொண்டுபோகத்தான்.

மூன்றாவது இன்வேர்ட்டர். இதற்குக் காசு கொடுக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து கொடுக்கவேண்டும். சாதாரண மைக்ரோவேவில் ஐம்பது வீதம் என்று வைத்தால் அது பாதிச் சக்தியில் ஓடாது. கொஞ்ச நேரம் முழுச் சக்தியில் ஓடும், பிறகு அதே அளவு நேரம் சும்மா இருக்கும். கவனித்துக் கேட்டால் உறுமலும் அமைதியும் மாறி மாறி வருவது கேட்கும். இன்வேர்ட்டர் உண்மையாகவே பாதிச் சக்தியில் தொடர்ந்து ஓடும். சோறு சூடாக்குவதற்கு இரண்டும் ஒன்றுதான். உறைந்த இறைச்சியை இளக்குவதில்தான் வித்தியாசம் தெரியும். ஐஸ் மைக்ரோவேவ் அலையை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும், தண்ணீர் நிறைய உறிஞ்சும். ஓரத்தில் ஒரு துளி உருகினால் அந்தத் துளிதான் எல்லாச் சூட்டையும் இழுக்கும். எங்கட பழையதில் கோழியின் ஓரம் வெந்து வெள்ளையாகி, நடு கல்லாக இருந்ததெல்லாம் இதனால்தான்.

சென்சர் என்பது சாப்பாட்டில் இருந்து வருகிற நீராவியைப் பார்த்து நேரத்தைத் தானே முடிவுசெய்கிறது. சோற்றுக்கும் மரக்கறிக்கும் அருமை. எங்கட வீட்டுப் பிட்டுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. ஆவி போதாது என்று நினைத்து இன்னும் இன்னும் ஓடி, பிட்டை ஆற்றுமணல் ஆக்கித் தந்தது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் எந்த மெஷின் என்றாலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஈரப் பேப்பர் டவலால் மூடி, நீங்களே பக்கத்தில் நிற்கிறதுதான் வழி.

அடுப்புக்கு மேலே பூட்டுகிற மொடலை இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் உடனேயே வெட்டினேன். அம்மா ஐந்தடி. மகளுக்கு எட்டு வயது. கொதிக்கிற சூப்பை முகத்துக்கு நேரே இறக்குகிற வேலை இரண்டு பேருக்கும் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து, பெரியதை வாங்கினோம். முதல் இரண்டு மாதமும் எனக்குப் பெருமைதான். கேத்திலும் அதுவும் ஒரே பிளக்கில் ஓடி ஒருநாள் பிரேக்கர் விழுந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. (கனடாவில் 15 அம்பியர் வயர் என்றால் மொத்தமே 1800 வொட். கேத்தில் மட்டும் 1500 இழுக்கும். கேத்திலை வேறு சுற்றில் இருக்கிற பிளக்குக்கு மாற்றினோம்.)

பங்குனியில் அம்மாவின் சீனி ரெஸ்ற் வந்தது. போனமுறை 7.1 இருந்தது 8.2 ஆகியிருந்தது. டொக்டரிடம் போனபோது அன்றைக்கு பி.ஏ. டே, பள்ளிக்கூடம் இல்லை, மகளும் எங்களோடு வந்தாள். டொக்டர் கேட்பதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்லவேண்டும், அம்மா சொல்வதை ஆங்கிலத்தில் அவருக்கு. இந்த வேலையை உங்களில் பலர் பத்து வயதில் இருந்தே செய்திருப்பீர்கள்.

"மத்தியானம் என்ன சாப்பிடுறீங்களாம் அம்மா?"

"சோறும் கறியும்தான். வேற என்ன."

பக்கத்தில் இருந்து மகள், "இல்ல அம்மம்மா, நீங்க மேரி பிஸ்கட்டும் ரீயும்தானே சாப்பிடுறனீங்கள்" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் டொக்டருக்கு அதை உடனே மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட் கழற்றி, ரீ போட்டுக் குடித்த பிறகுதான் அம்மா கதைச்சா. "உது என்னெண்டே விளங்கேல்ல பிள்ளை. கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க தொட்டாலும் சத்தம் போடுது. ஒருநாள் என்னவோ எழுத்தில கேட்டுது, நான் பயத்தில பிளக்கைப் பிடுங்கிப்போட்டன்."

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே அம்மா."

"நீ மீற்றிங்கில இருப்பாய்."

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முதல் அம்மா அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மறந்துபோனா. புகை அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு, "நாங்கள் இல்லாத நேரம் அடுப்பைத் தொடவேண்டாம்" என்று சொன்னது நான்தான். அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரையில் இருந்து பின்னேரம் நாலு மணி வரை, அந்த வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே அடுப்பு மைக்ரோவேவ்தான். அதைத்தான் நான் நானூறு டொலர் கொடுத்து அம்மாவிடம் இருந்து பறித்திருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியில் வந்தது. சில நாட்களில் குளிர்ந்த சோற்றை அப்படியே சாப்பிட்டிருக்கிறா. சில நாட்களில் காலை நாங்கள் வெளிக்கிட்ட உடனே சோற்றை பிரிட்ஜில் இருந்து எடுத்து மேசையில் வைத்து, பன்னிரண்டரை வரை 'குளிர் போக' விட்டுச் சாப்பிட்டிருக்கிறா. எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது. சமைத்த சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்தால் அதில் வளருகிற ஒரு பக்ரீரியா விடுகிற நஞ்சு, பிறகு என்னதான் சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சாப்பாடு நடுவிலும் 74 பாகை செல்சியஸ் வரை சூடாகவேண்டும் என்பது ஹெல்த் கனடா சொல்கிற அளவு. மிச்ச நாட்களுக்கு மேரி பிஸ்கட். வெறும் மாவும் சீனியும்.

என்ர வேலையே மென்பொருள் எழுதுகிறதுதான். புதிதாக ஒன்று செய்தால், அதைப் பாவிக்கப் போகிற ஆளின் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. வீட்டில் நான் என்ன செய்தேன்? பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு, என்ர விரலால் மூன்று இடத்தில் டக் டக் டக் என்று தொட்டு, "பாத்தீங்களே அம்மா, எவ்வளவு சுகம்!" என்றேன். அம்மா தலையாட்டினா. நான் அதை விளங்கிச்சு என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவின் ஒரு கண்ணில் கற்றரக்ற் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியில் சாம்பல் நிற எழுத்து. அதுவும் ஆங்கிலத்தில். பதினொரு நிரல் போட்ட எனக்கு, 'இதைத் தனிய நிண்டு பாவிக்கப் போறது யார்' என்ற நிரல் வரவில்லை.

சரி, வாங்கியாச்சு, திருத்தப் பார்ப்போம் என்று தொடங்கினோம். முன்பக்கத்தில் ஒரு எண்ணைத் தொட்டால் அத்தனை நிமிடம் உடனே ஓடுகிற வசதி எங்கட மொடலில் இருக்கிறது. பலதில் இருக்கிறது, கைநூலைப் பாருங்கள். டொலர் கடையில், கதிரைக் காலுக்கு ஒட்டுகிற சின்னச் சின்ன வட்டமான பெல்ற் ஸ்ரிக்கர் வாங்கி, '2' க்குப் பக்கத்தில் ஒன்று, நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஒட்டினேன். தொடுகிற இடத்துக்கு மேலேயே ஒட்டக்கூடாது, ஒட்டினால் விரல் பட்டது அதற்குத் தெரியாது. சத்தத்தைக் குறைத்தோம். ஒரு கிழமை நல்லாகப் போனது. அம்மா தானே சூடாக்கிச் சாப்பிட்டா.

இரண்டாவது கிழமை நாலு வயதுக்காரன் விளையாட்டில் எதையோ மூன்று செக்கன் அழுத்திப் பிடிக்க, சைல்ட் லொக் விழுந்துவிட்டது. எங்கே தொட்டாலும் ஓடாது. அம்மா, தான்தான் உடைத்துப்போட்டேன் என்று நினைத்து, பின்னேரம் வரை அதற்குக் கிட்டவே போகவில்லை. நான் வேலையால் வந்தபோது, "எவ்வளவு காசு பிள்ளை அது?" என்றுதான் முதலில் கேட்டா.

அடுத்த நாள் போய், விட்டுவிட்டு வந்த சின்னதை வாங்கினேன். மலிவு விற்பனை முடிந்து பத்து டொலர் கூட.

ஒரு குசினியில் இரண்டு மைக்ரோவேவா என்று இவர் கேட்டார். கேட்கிறது நியாயம்தான், இடம் போகிறது. ஆனால் பெரியதைத் திருப்பிக் கொடுக்கிற தவணை முடிந்துவிட்டது. இறைச்சி இளக்குவதற்கும், ஆட்கள் வருகிற நாட்களுக்கும் அதை நான் விடமாட்டேன், அது நல்ல மெஷின். சின்னதை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற பதிவான மேசையில் வைத்தோம். அம்மாவின் முழங்கை உயரம்.

வாங்குகிற நேரம் அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தமுறை நான் கதைக்கவில்லை. கடையில் மின்சாரம் கொடுத்து வைத்திருக்கமாட்டார்கள், ஆனால் கதவைத் திறந்து பார்க்கலாம், குமிழைத் திருகிப் பார்க்கலாம். அதிலேயே எனக்குத் தெரியாத இரண்டு விஷயம் தெரிந்தது. ஒரு மொடலில் கதவைப் பிடித்து இழுக்கவேண்டும். அது பாரம் குறைந்த பெட்டி என்பதால் இழுக்க முழுப் பெட்டியும் சேர்ந்து முன்னுக்கு வந்தது. வாதம் பிடித்த விரலுக்கு அழுத்தித் திறக்கிற பட்டன்தான் சுகம் என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அந்தப் பட்டன் கட்டி. மூன்றாவதாகப் பார்த்த ஒன்றில் பட்டன் அகலமாக, உள்ளங்கையால் தள்ளக்கூடியதாக இருந்தது. அதைத்தான் எடுத்தோம்.

இந்த மாதிரி மலிவுக் குமிழில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக வைக்கவேண்டும் என்றால் முதலில் இரண்டைத் தாண்டித் திருகி, பிறகு பின்னுக்குக் கொண்டுவரவேண்டும். உள்ளே இருப்பது மணிக்கூடு மாதிரி ஸ்பிரிங், நேரே திருகினால் நேரம் சரியாக வராது. இன்னொன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல் குமிழைச் சும்மா திருகினால் அது ஓடத் தொடங்கிவிடும். அதனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கப் தண்ணீரை உள்ளே விட்டு வைப்பது நல்லது.

இப்போது என்னிடம் கேட்டால்? நீங்களும் இவரும் பிள்ளைகளும் மட்டும் என்றால், வாரம் முழுக்க உறைந்த கறியை இளக்கிச் சாப்பிடுகிற வீடு என்றால், பெரியதையே வாங்குங்கள். இன்வேர்ட்டருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. பகலில் ஒரு அம்மாவோ அப்பாவோ தனிய இருக்கிற வீடு என்றால் குமிழ் வைத்ததைத் தேடுங்கள். வீட்டுக்கென்று விற்கிறதில் குமிழ் வைத்தது பெரும்பாலும் 700 வொட்டோடு நின்றுவிடுகிறது. கன்டீன்களில், கடைகளில் வைக்கிற வகையில் 1000 வொட்டில் ஒரே ஒரு குமிழோடு வருகிறது, விலை கூட, பார்க்க வடிவும் இல்லை. எனக்கு முதலே தெரிந்திருந்தால் அதைத்தான் வாங்கி இரண்டு செலவை ஒன்றாக்கியிருப்பேன். சின்னது வொட் குறைவு என்பதால் 'கதிர் குறைவு, பாதுகாப்புக் கூட' என்று ஒரு அன்ரி சொன்னா. அப்படி இல்லை. கதவுக் கண்ணாடியில் இருக்கிற ஓட்டைகளுக்குள்ளால் 12 சென்ரிமீற்றர் அலை வராது, கதவைத் திறந்த உடனே அலை நின்றுவிடும். பெரியதோ சின்னதோ கசிவுக்குச் சட்டம் வைத்திருக்கிற எல்லை ஒன்றுதான். கதவு நெளிந்து, சரியாகப் பூட்டாத மெஷினைத்தான் பாவிக்கக்கூடாது.

கறி போடுகிற பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஐஸ்கிரீம் டப்பாவில் கறியை பிரீஸரில் வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கறியில் இருக்கிற எண்ணெய் தண்ணீரைவிடக் கூடச் சூடாகும், அந்த மெல்லிய பிளாஸ்ரிக் அதற்குச் செய்தது இல்லை. அம்மாவுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவே ஐந்து கண்ணாடிப் பெட்டிகளில் சோறும் கறியும் போட்டு, மூன்றை பிரிட்ஜிலும் இரண்டை பிரீஸரிலும் வைக்கிறேன். பாதியில் ஒருக்கால் திறந்து கிளறவேண்டும். அதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

சின்னது வீட்டுக்கு வந்த அன்றைக்கு மகள் தன்ர நெயில் பொலிஷை எடுத்துக்கொண்டு வந்தாள். சிவப்பு இல்லை, மினுக்கம் போட்ட ஊதா. எங்க புள்ளி வைக்கிறது என்று கேட்டாள். நான் கணக்குப் பார்த்தேன். பழையது 1000 வொட், இது 700. அப்பாவின் இரண்டு நிமிடம் இதில் கிட்டத்தட்ட மூன்று.

"மூண்டில வை" என்றேன்.

அம்மா விடவில்லை. "அப்பா ரெண்டிலதான் வைச்சவர்."

வொட் என்றால் என்ன, இது ஏன் கூட நேரம் எடுக்கும் என்று நான் விளங்கப்படுத்தினேன். அம்மா முழுவதையும் கேட்டா. கேட்டு முடித்து, "ரெண்டில வை பிள்ளை" என்று பேத்தியிடம் சொன்னா. "ரெண்டு முடியத் திறந்து கிளறிப்போட்டு, மற்ற ஒண்டை நான் கையால பாத்துப் போடுறன்."

இரண்டில்தான் வைத்திருக்கிறது.